அணைத்து வைத்திருந்த சோதனை

புதிதாகப் போன் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அதன் மணியோசையைக்கூட மாற்றுவதில்லை. மாற்றலாம் என்று தெரியும். எப்படி என்றும் தெரியும். இருந்தும் கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். பஸ்ஸில் ஒரு போன் அடித்தால் பத்துப் பேர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். ஒருவர் எதுவும் சொல்லாதபோது கருவி தானாக எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்று இருக்கிறது. அதை டிஃபோல்ட் என்போம். அந்த முடிவை வைக்கிறவன் எல்லாருக்குமாகத் தீர்மானித்துவிடுகிறான். என் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

வேகமாகப் பேசினால் சொல்லுங்கள், மேடம். இந்த வாக்குமூலத்தைச் சிங்களத்திலும் என்னால் சொல்லியிருக்க முடியும். தாய்மொழியில் சொன்னால் பிறகு மறுக்க முடியாது என்றீர்கள். மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

பெயர் சுமன். வயது முப்பத்து மூன்று. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில், ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பத்துக் காம்பரா லயத்தில் பிறந்தேன். லயத்தின் பின்சுவரை ஒட்டி மழைத்தண்ணீர் போகும் ஒரு கான் ஓடும். கானைத் தாண்டினால் ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைச் சரிவுக்கும் ஒரு நம்பர் உண்டு. அப்பா வீரய்யா அந்த மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். அம்மா நான் கம்பஸ் படிக்கப் போன வருடம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வேளைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தது பக்கத்துக் காம்பரா ராசம்மா அத்தை. சொந்தமில்லை. அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம்.

மழை பலத்தால் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பின்னால் போய்க் கானில் ஓடும் தண்ணீரைப் பார்ப்பார்கள். தெளிவாக ஓடினால் படுத்துக்கொள்வோம். செம்மண் நிறத்தில் கலங்கி வந்தால் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். பத்து நிமிட நடை. வருடத்துக்கு நாலைந்து தடவை அப்படிப் போயிருப்போம். ஒரு தடவைகூட மலை சரிந்து வரவில்லை. நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வருவது அலுப்பான வேலை. அந்த அலுப்பைப் போக்குவதுதான் எங்கள் நிறுவனத்தின் திட்டம்.

ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஆறு பேர் வேலை செய்கிறோம். உரிமையாளர் கொழும்பில் இருக்கிறார், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். நாங்கள் செய்தது மழைப்பெட்டி. ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு மழை பெய்தது என்று அளந்து உள்ளே இருக்கும் மெமரி கார்டில் எழுதும். இருபத்துநான்கு மணி நேரத்து மழையைக் கூட்டிப் பார்க்கும். நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் சைரன் அடிக்கும். அவ்வளவுதான். நாற்பது பெட்டிகள் செய்து, ஆபத்தான சரிவுகளுக்குக் கீழே இருக்கும் நாற்பது லயங்களுக்கு வைத்தோம். கீழ்ப்பிரிவுக்கு ஒன்று வரவேண்டும் என்று வாதாடி வாங்கிக் கொடுத்தவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு ஒட்டக் கொடுத்த துண்டறிக்கையைத் தமிழில் எழுதியவனும் நான்தான். "சைரன் அடித்தால் உடனே பள்ளிக்கூடத்துக்குச் செல்லுங்கள். சைரன் அடிக்காவிட்டால் பயம் வேண்டாம்." இரண்டாவது வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. வாசிக்க ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். லயத்தில் எல்லாக் காம்பராக் கதவிலும் அதை ஒட்டினார்கள். அதற்குப் பிறகு கானைப் பார்த்து யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

இனி என் வேலையைப் பற்றி.

கார்டில் எதை எங்கே எழுதியிருக்கிறோம் என்று ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பகுதியைக் கோப்பு முறைமை என்பார்கள். பெட்டிக்கென்று சிறியதாக ஒன்றை நாங்களே எழுதியிருந்தோம். அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் என்னுடையது. முழுக்க என்னுடையது. அதில் நாற்பத்தொரு சோதனைகள் இருந்தன. கார்டு நிறைந்துபோனால் என்ன ஆகும், எழுதியதை அழித்தால் இடம் திரும்பக் கிடைக்கிறதா, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் எழுதினால் குழம்புமா, இப்படி நாற்பது. நாற்பத்தோராவது மின்தடைச் சோதனை. பெட்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி கொடுத்து, முன்பு எழுதியது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஆயிரம் தடவை.

முதல் நாற்பதுக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம் போதும். நாற்பத்தோராவதுக்குப் பதினொரு மணி நேரம் வேண்டும். அதற்காக மேசையில் தனியாக ஒரு கருவியையும் பூட்ட வேண்டும். அதனால் அதை அணைத்து வைத்தேன். வேண்டும் என்கிறவர் ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டலாம். சொல்லாவிட்டால் ஓடாது. இது நியாயமான முடிவுதான், மேடம். பதினொரு மணி நேரம் எடுக்கும் என்றால் யாரும் எதையுமே ஓட்டமாட்டார்கள். ஓடாத நாற்பத்தொன்றைவிட ஓடுகிற நாற்பது மேல். இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

அடுத்த முடிவும் சிறியதுதான். சோதனை முடிந்ததும் எத்தனை வீதம் சோதித்திருக்கிறோம் என்று ஓர் அறிக்கை வரும். நாற்பத்தொன்றில் நாற்பது, அதாவது தொண்ணூற்றேழரை சதவீதம். திட்டத்துக்கு நிதியுதவி தருகிறவர்களுக்கு அதைக் காட்டிய உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, "மிச்சம் ரெண்டரை எங்க சுமன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்று பின்னேரம் ஒரே ஒரு வரியை மாற்றினேன். அணைத்து வைத்திருக்கும் சோதனையைத் தொகையில் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். நாற்பதில் நாற்பது. பச்சை நிறத்தில் நூறு என்று வந்தது. அது பார்க்க நன்றாக இருந்தது.

ரிஸ்லா ஜனவரியில் வேலைக்கு வந்தார். ஹட்டன் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் ஹாஜியாரின் மகள். அதிகம் பேசமாட்டார். நிரலோடு சேர்த்து நான் எழுதி வைத்திருந்த குறிப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசித்த ஒரே ஆள் அவர்தான். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அந்தச் சொல்லைச் சேர்த்து ஓட்டிவிட்டுப் போய், திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தார்.

"சுமன் அண்ணா, ஆயிரத்துல மூணு தரம் ஃபைல் வெறுமையா வந்திருக்கு."

"ஆயிரத்துல மூணுதானே?"

"பேர் இருக்கு. உள்ளுக்கு ஒண்டுமில்ல. பொட்டி எழும்பிப் பாக்கும், ஒண்டுமில்லயே, அப்ப மழை பெய்யல்ல எண்டு முதல்ல இருந்து எண்ணத் தொடங்கும்."

"கரண்ட் போனாத்தானே அது? நம்ம பெட்டி பேட்டரில ஓடுது."

"பேட்டரிய மாத்தைக்க கரண்ட் போகுதுதானே?"

உண்மைதான். பெட்டி வெயிலில் சார்ஜ் ஆகும் பேட்டரியில் ஓடியது. தொடர்ந்து மழை பெய்தால் வெயில் இல்லை, பேட்டரி இறங்கும், சிவப்பு விளக்கு எரியும். லயத்தில் ஒருவர் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் போடவேண்டும். அந்தச் சில வினாடிகள் பெட்டி அணைந்து எழும். துண்டறிக்கையின் பின்பக்கத்தில் படம் போட்டு நானே விளக்கியிருந்தேன்.

ரிஸ்லா கையோடு ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். "மழைக் காலத்துல ஒரு பொட்டிக்கு வாரத்துக்கு ரெண்டு தரம் மாத்துவாங்க. நாப்பது பொட்டி. பன்னெண்டு வாரம். கிட்டத்தட்ட ஆயிரம் வருது அண்ணா. மழை முடியிறதுக்குள்ள மூணு பொட்டி."

அவருடைய பெருக்கலில் பிழை இல்லை. நான் சரிபார்த்தேன்.

திருத்துவது முடியாத காரியமில்லை. எழுதும் முறையை மாற்ற இரண்டு வாரம், பிறகு நாற்பது லயங்களுக்கும் ஏறி இறங்கிப் பெட்டிகளைத் திறந்து மாற்ற ஒரு மாதம். ஏப்ரல் கடைசியில் பெட்டிகளை முறைப்படி ஒப்படைக்கும் விழா இருந்தது. மேடை, மாலை, பிரமுகர்கள் எல்லாம் முடிவாகியிருந்தன. அந்த மாதமே கொழும்பில் ஒரு மாநாட்டில் என் சோதனை நிரலைப் பற்றி நான் பேசுவதாகவும் இருந்தது. நூறு சதவீதம் என்பதுதான் என் பேச்சின் தலைப்பு. லயத்தில் பிறந்த ஒருவன் அந்த மேடையில் நிற்பது எத்தனை பேருக்கு ஊக்கமாக இருக்கும் என்று யோசியுங்கள்.

"நான் பாக்குறேன்" என்றேன் ரிஸ்லாவிடம்.

பார்த்தேன். நிரலை ஓட்டினேன், வழக்கம்போல, அந்தச் சொல்லைச் சேர்க்காமல். இருபத்தைந்து நிமிடத்தில் நூறு வந்தது. அவர் கணினியில் பதிந்து வைத்திருந்த முறைப்பாட்டின் கீழே, "எல்லாச் சோதனைகளும் தேறின. பிழை மீண்டும் நிகழவில்லை" என்று எழுதி மூடினேன். அந்த இரண்டு வாக்கியங்களிலும் ஒரு பொய்யான சொல் இல்லை. மறுநாள் ரிஸ்லாவை வேறொரு வேலைக்கு மாற்றினேன், ஹோட்டல் ஒன்றின் இணையத்தளம். மே மாதம் அவர் விலகிக்கொண்டார். போகும்போது, "எந்த ஒப்ஷன்ல ஓட்டினீங்க அண்ணா?" என்று மட்டும் கேட்டார். "எல்லாம் ஓட்டினேன்" என்றேன். இது பொய். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மார்ச் மாதத்திலேயே அப்பாவைக் கொட்டகலைக்குக் கூட்டி வந்தேன். ஒரு சிறிய வாடகை வீடு, பஸ் பாதைக்குப் பக்கத்தில், சமதரையில். ரிஸ்லா வந்து பேசியது திங்கட்கிழமை. அப்பாவை நான் கூட்டி வந்தது அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தது உண்மை. லயத்துப் படிக்கட்டு அவருக்குக் கஷ்டம் என்று பலநாள் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம்தான் அது அவசரமாகப் பட்டது.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. "இங்க எனக்கு என்னடா கொற? மழைக்கு முன்னுக்குப் போகணும்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கிற?" என்றார். பனியில் வலி கூடும் என்றேன். ராசம்மா அத்தைதான் சாமான்களைக் கட்டிக் கொடுத்தார். வேனில் ஏற்றும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போற. எங்களுக்கும் ஏதாச்சும் பயம் இருக்கா? இருந்தா சொல்லிப்புடு. நாங்க வேற வழி பாக்குறோம்."

"அதுக்குத்தானே அத்தை பெட்டி வச்சிருக்கு? சைரன் அடிச்சா ஓடிருங்க. அடிக்கலன்னா நிம்மதியா இருங்க."

"நீ சொன்னாச் சரிதான்" என்றார்.

அத்தைக்கு அங்கே வேறு வழி ஒன்றும் இருக்கவில்லை. மகள் நிஷாந்தி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, எங்கேயும் போக முடியாது. அவர்களை வீணாகக் கலவரப்படுத்தி என்ன பயன் என்று நினைத்தேன். மூன்று பெட்டி என்பது நாற்பதில் மூன்று. கீழ்ப்பிரிவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஜூன் மாதத்து வியாழக்கிழமையைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று நாளாக மழை. பதினொரு மணிக்கே கொழுந்து பறிக்கிறவர்களை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அநேகமாக எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். அலுவலகத்தில் ஒரு பெரிய திரை இருக்கிறது. நாற்பது பெட்டிகளும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் அளவு அதில் தெரியும். பன்னிரண்டரைக்குக் கீழ்ப்பிரிவுப் பெட்டி நூற்று முப்பத்தெட்டு காட்டியது. பன்னிரண்டு நாற்பதுக்கு ஆண்டியப்பன் மாமா பேட்டரியை மாற்றினார். அவர்தான் அங்கே பெட்டிக்குப் பொறுப்பு. படத்தில் நான் காட்டியபடியே மாற்றினார். பெட்டி எழுந்தபோது பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

நான் அதை உடனே பார்க்கவில்லை. சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது இரண்டு மணி ஐந்து நிமிடம். மேற்பிரிவு நூற்று எழுபத்து நாலு. அங்கே ஒரு மணிக்கே சைரன் அடித்து எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். இடையில் ஒரு மலை இருப்பதால் அந்தச் சத்தம் கீழ்ப்பிரிவுக்குக் கேட்காது. கீழ்ப்பிரிவு முப்பத்தொன்று.

எனக்குப் புரிய ஒரு வினாடிகூட ஆகவில்லை. முப்பத்தொன்றும் நூற்று முப்பத்தெட்டும் நூற்று அறுபத்தொன்பது. அங்கே ஒன்றேகாலுக்கே சைரன் அடித்திருக்க வேண்டும்.

திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஹட்டனிலிருந்தே எந்தப் பெட்டியின் சைரனையும் அடிக்கச் செய்யலாம். அமுக்கினால் ஒரு கட்டம் வரும், காரணத்தை எழுத வேண்டும். எழுதாமல் போகாது. எழுதியது உரிமையாளருக்கும் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கும் அந்த நிமிடமே போய்ச் சேரும். பெட்டி மழைக் கணக்கை இழந்துவிட்டது என்று நான் எழுதினால் ஏன் இழந்தது என்று கேட்பார்கள். யாராவது ரிஸ்லாவின் முறைப்பாட்டைத் திறந்து பார்ப்பார்கள். கீழே என் இரண்டு வாக்கியங்கள் இருக்கும்.

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் எனக்கு நடக்கப்போவது நிச்சயம். அமுக்காவிட்டால் நடக்கப்போவது ஒரு சாத்தியம் மட்டும். அந்த மலை நூறு வருடமாக வரவில்லை. செம்மண் தண்ணீர் ஓடிய நாட்களிலும் வரவில்லை. இதை ஒரு கணக்காகப் பார்த்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பா சில வியாழக்கிழமைகளில் பஸ் ஏறி லயத்துக்குப் போய்விடுவார். ராசம்மா அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்புவார். அவருக்குப் போன் செய்தேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வீட்டுலதான். இந்த மழையில எங்க போறது? பஸ்ஸும் ஓடலங்கிறாங்க."

"சரிப்பா. வெளிய போகாதீங்க."

"ஏன்டா, அங்கிட்டு ஏதும் பிரச்சினையா?"

"ஒன்னுமில்லப்பா. மழைதானே."

போனை வைத்தேன். மனது கொஞ்சம் அமைதியானது. அடுத்த அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்தேன். இரண்டே காலுக்கு முப்பத்து நாலு. இரண்டு இருபத்தைந்துக்கு முப்பத்தெட்டு. மழை கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தது. இரண்டு முப்பத்தைந்து, நாற்பத்தொன்று. இரண்டே முக்கால், நாற்பத்து நாலு. ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் தோன்றியது. பத்து நிமிடம் என்பது பெரிய நேரமில்லை.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு அளவு வரவில்லை. மூன்று ஐந்துக்கும் வரவில்லை.

மூன்றேகாலுக்கு ஆண்டியப்பன் மாமா எனக்குப் போன் செய்தார். கழற்றிய பேட்டரியைக் கொடுத்து வைக்க மேலே தொழிற்சாலைக்குப் போயிருந்ததால் அவர் தப்பித்தார். அவர் பேசியது முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"மல வந்திருச்சு தம்பி. லயத்தக் காணோம். லயமே இல்ல தம்பி. சைரன் அடிக்கவே இல்லையே."

பதினொரு பேர். அவர்களில் நாலு பேர் பிள்ளைகள். ராசம்மா அத்தையும் நிஷாந்தியும் ஒன்றாகத்தான் கிடைத்தார்கள். மற்றப் பெயர்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன.

அதே லயத்து அழகன் அண்ணன் அன்று பொகவந்தலாவை பஜாருக்கு அரிசி வாங்கப் போயிருந்தார். அவருடைய மனைவி அம்மாக்கண்ணு இரண்டரைக்கு அவருக்குப் போன் செய்திருக்கிறார். கானில் தண்ணீர் செவப்பா வருது, ராசம்மாக்கா பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோங்கிறாங்க, ஆனா சைரன் அடிக்கலையே, அடிச்சதும் போறோம் என்றாராம். தப்பியவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்து முகாமில் வைத்து அழகன் அண்ணன் இதை எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஆண்டியப்பன் மாமா என்னைத் தேடி வந்தார். அதற்குள் சனங்கள் அவரைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. பெட்டி அவருடைய பொறுப்பு, சைரன் அடிக்கவில்லை, அவர் உயிரோடு இருக்கிறார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் பேட்டரி மாத்துனது தப்பாப் போச்சா? நீங்க சொன்ன மாதிரிதானே மாத்துனேன்? கையி ஈரமா இருந்துச்சு. அதுனாலயா?"

அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. "நீங்க வேணும்னு செய்யலையே மாமா" என்றேன்.

அந்த வாக்கியம் என்ன செய்யும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் கையை விட்டார். நிறுவனத்தின் அறிக்கையில், பேட்டரி மாற்றியபோது ஏற்பட்ட ஈரக்கசிவு காரணமாக இருக்கலாம் என்று எழுதினேன். இருக்கலாம் என்றுதான் எழுதினேன். அவர் இப்போது வத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அப்பா ஒன்பது நாள் முகாமில் இருந்தார். முழங்கால் வலியோடு தண்ணீர் சுமந்தார், குழி வெட்டுகிறவர்களோடு நின்றார். பத்தாம் நாள் காலை வீட்டுக்கு வந்தார். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கதவடியில் நின்றபடியே கேட்டார்.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஏன்டா போன் பண்ணுன?"

"சும்மாதான்ப்பா. மழைனு."

"நீ ஒருநாளும் வேல நேரத்துல எனக்குப் போன் பண்ண மாட்ட. எங்க இருக்கேன்னு கேட்ட. வெளிய போகாதன்னு சொன்ன."

நான் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன்.

"மார்ச் மாசமே என்னய அங்கருந்து கெளப்புன. மழைக்கு முன்னுக்குப் போகணும்னு நின்ன." அவர் குரல் உயரவில்லை. "ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னய மட்டும் தூக்கிட்டு வந்திருக்க."

"உங்களக் காப்பாத்தினேன்ப்பா."

"ராசம்மா எனக்குப் பதினாலு வருசம் சோறு போட்டிருக்கா" என்றார். "அவ ஒங்கிட்ட கேட்டாளே. எங்கிட்ட சொன்னா, சுமனு சொல்லிருச்சு, பயமில்லன்னு."

உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகாமுக்கே போய்விட்டார். அங்கிருந்துதான் உங்கள் அலுவலகத்துக்கு வந்து தன் போனைக் காட்டியிருக்கிறார். இரண்டு மணி ஏழு நிமிடம், நாற்பத்தொரு வினாடி. நீங்கள் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது. தன் பிள்ளை தனக்காக என்ன செய்தான் என்பது போகப்போக விளங்கும்.

வேலையைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழையை நானே திருத்திவிட்டேன். முப்பத்தொன்பது பெட்டிகளையும் நானே போய்த் திறந்து மாற்றினேன். மின்தடைச் சோதனை இனிமேல் யாரும் கேட்காமலே ஓடும். மூவாயிரம் தடவை துண்டித்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. நாற்பத்தொன்றில் நாற்பத்தொன்று. இப்போது அது உண்மையான நூறு. யாரும் சொல்லாமல், யாரும் பாராட்டாமல் இதைச் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சம்பவத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அன்று இரண்டு மணி ஐந்து நிமிடத்திலிருந்து அந்த லயம் ஆபத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அவர்களைக் கிளப்பிவிடும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் ஐம்பது நிமிடம் இருந்தது. நான் அமுக்கவில்லை. கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பா அந்த லயத்தில் இருந்திருந்தால் பொத்தானை அமுக்கியிருப்பாயா என்று கேட்டீர்கள். அப்படி ஒரு நிலை வந்திருக்காது, மேடம். அவர் அங்கே இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் காத்திருந்தேன்.